விழுந்தவனுக்குக் கை தட்டுறவை

2025 ஒக்ரோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. காலமை ஒன்பது மணி. பத்தரைக்கு நான் கடையில நிக்கோணும். மனிசி நித்திரை. நானும் மகனும் தேத்தண்ணியோட ரீவிக்கு முன்னால. இந்தோனேசியாவில லொம்பொக் தீவில மண்டலிகா எண்டொரு ஓடுபாதை. அங்க மோட்டோ ஜிபி நடக்குது.

முதல் சுற்றே முடியேல்லை. பின்னால வந்த மார்கோ பெட்செக்கி, மார்க் மார்க்கேசை இடிச்சுப்போட்டார். ரெண்டு பேரும் சரளைக்கல்லுக்குள்ள உருண்டு போச்சினம். மார்க்கேஸ் எழும்பேக்கை வலது தோளைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பினார்.

என்ர மகன் கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டினான்.

"என்ன தம்பி செய்யிறாய்?"

"அப்பா, மார்க்கேஸ் விழுந்திட்டான்!"

அவனுக்குப் பதினாலு வயசு. சோதினை பாஸ் பண்ணின மாதிரிச் சந்தோசத்தோட சொன்னான்.

அந்த நேரம் பாத்து என்ர போன் அடிச்சுது. முந்தி என்னோட ஒரே அடுப்படியில வேலை செய்த ஒரு தமிழ்ப் பெடியன், இப்ப வேற ஊரில. வட்ஸ்அப்பில ஒரு வரி அனுப்பியிருந்தான்: "அண்ணை, பத்து வருசக் கடன் தீந்துது." பக்கத்தில மூண்டு சிரிக்கிற மூஞ்சி.

மகனை ஏசுறதுக்கு வாய் திறந்தனான். சொல்லு வரேல்லை. ஏனெண்டால் அந்தக் கை தட்டலை அவனுக்குப் பழக்கினது ஆர்? நான்தான். அதாலதான் இதை எழுதுறன். முதல்ல எனக்கு எதிரா, பிறகு அந்த மூண்டு சிரிப்பு மூஞ்சிக்கு எதிரா, பிறகு இதை வாசிச்சுப்போட்டு "உவனுக்கென்ன, மோட்டார்சைக்கிள் ஓட்டத்துக்கெல்லாம் ஒரு தத்துவமோ" எண்டு கேக்கப்போற ஆக்களுக்கு எதிரா.

விசயம் தெரியாத ஆக்களுக்கு முன்கதையைச் சொல்லிப்போடுறன்.

நான் இத்தாலிக்கு வந்தது 2007இல. யாழ்ப்பாணத்தில கம்பஸ் ரெண்டாம் வருசம், பௌதிகம் படிச்சுக்கொண்டிருந்தனான். 2006 ஆவணியில பாதை பூட்டினாப் பிறகு படிப்பும் பூட்டுப்பட்டுது. அதுக்குப் பிறகு நடந்ததுகள் உங்களில கனபேருக்கு உங்கட கதையிலயே தெரியும். ரிமினிப் பக்கம் கடற்கரையில ஒரு சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவத் தொடங்கினன். மொழி ஒரு சொல்லும் தெரியாது. "ஏய், நீ" எண்டுதான் கூப்பிடுவினம்.

குசினி மூலையில ஒரு சின்ன ரீவி. ஞாயிற்றுக்கிழமைகளில மோட்டார்சைக்கிள் ஓட்டம். எங்கட கடையில இருந்து மிசானோ ஓடுபாதை காரில இருபது நிமிசம். வலண்டினோ ரொஸ்ஸியின்ர ஊர் தவுல்லியாவும் பக்கத்திலதான். அந்தப் பக்கத்தில மஞ்சள் நிறமும் 46 எண்ட இலக்கமும் எங்கட ஊரில வைரவர் சூலம் மாதிரி, சந்திக்குச் சந்தி நிக்கும். 2008இல ரொஸ்ஸி திரும்பப் பட்டம் எடுத்த அண்டைக்கு, பெரிய குக் என்ர தோளில தட்டி, ஒரு கிளாஸ் வைன் ஊத்தித் தந்து, முதல்தரமா என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிழையாத்தான் சொன்னார். ஆனால் பேரைச் சொன்னார்.

விசாவுக்கு முன்னமே எனக்கு அந்தக் குசினியில பிரசாவுரிமை குடுத்தது ரொஸ்ஸிதான் எண்டு சொன்னால் மிகையில்லை. அந்தப் பிரசாவுரிமையோட சேர்த்து இன்னொண்டும் வந்துது: ரொஸ்ஸிக்கு ஆர் எதிரியோ அவை எல்லாரும் எனக்கும் எதிரி. முதல் கேஸி ஸ்ரோனர், பிறகு ஹோர்கே லொரென்சோ, 2015க்குப் பிறகு மார்க் மார்க்கேஸ். மார்க்கேசை வெறுக்கிறது இந்தப் பக்கத்தில ஒரு வழமை. காலமைக் கோப்பி மாதிரி.

அந்த 2015இல என்ன நடந்தது? பெடியன் சொன்ன "பத்து வருசக் கடன்" அதுதான்.

அந்த வருசம் பட்டத்துக்கு ரொஸ்ஸியும் லொரென்சோவும் போட்டி. ரெண்டு பேரும் யமாஹா. அவுஸ்திரேலியா பிலிப் ஐலண்ட் ஓட்டம் முடிய, மலேசியா செப்பாங்கில வியாழக்கிழமை பத்திரிகையாளர் கூட்டத்தில ரொஸ்ஸி ஒரு குண்டைப் போட்டார். பிலிப் ஐலண்டில மார்க்கேஸ் வேணுமெண்டு தன்னை மறிச்சு லொரென்சோவுக்கு உதவி செய்தவர் எண்டு. ஞாயிற்றுக்கிழமை, ஒக்ரோபர் 25, ரெண்டு பேரும் மூண்டாம் இடத்துக்கு அடிபட்டினம். ஏழாம் சுற்று, 14ஆம் வளைவு. ரொஸ்ஸி உள்பக்கத்தால வந்து மார்க்கேசை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். திரும்பிப் பாத்தார். மார்க்கேஸ் சாய்ஞ்சு வந்தார். முட்டுப்பட்டுது. மார்க்கேஸ் விழுந்தார். ரொஸ்ஸி மூண்டாவதா வந்து 16 புள்ளியையும் எடுத்துக்கொண்டு போனார்.

ரொஸ்ஸி காலால உதைச்சவர் எண்டு நடுவர்மார் சொல்லேல்லை. ஆனால் வேணுமெண்டு அகலப் போய் மோதலை வரவழைச்சவர் எண்டு சொல்லிச்சினம். தண்டப்புள்ளி மூண்டு. மிசானோவில தகுதிகாண் நேரம் லொரென்சோவுக்கு இடைஞ்சல் குடுத்ததுக்கு ஏற்கனவே ஒண்டு இருந்தது. மொத்தம் நாலு. நாலு வந்தால் அடுத்த ஓட்டத்தில கடைசியில இருந்து தொடங்கோணும். வலென்சியாவில ரொஸ்ஸி 26ஆம் இடத்தில இருந்து தொடங்கி நாலாவதா வந்தார். லொரென்சோ வெண்டார். பின்னால மார்க்கேஸ் ரெண்டாவது. பட்டம் லொரென்சோவுக்கு, 330க்கு 325. அஞ்சு புள்ளி வித்தியாசம்.

அண்டைக்குக் குசினியில பெரிய குக் கண்ணீர் விட்டார். நானும்தான். நாலு வயசு மகன் என்ர மடியில. அவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை, நான் அழுறதை மட்டும் பாத்துக்கொண்டிருந்தான். அண்டையில இருந்து அவனுக்கு மார்க்கேஸ் எண்டால் அப்பாவை அழ வச்சவன்.

இப்ப பத்து வருசம் கழிச்சு, ஆறுதலா இருந்து கணக்குப் பாப்பம்.

பிலிப் ஐலண்டில மார்க்கேஸ் லொரென்சோவுக்கு உதவி செய்தவர் எண்டால், கடைசிச் சுற்றில லொரென்சோவை முந்தி ஏன் வெண்டவர்? அதால லொரென்சோவுக்கு 25க்குப் பதிலா 20தான் கிடைச்சுது. ரொஸ்ஸிக்கு முன்னால மூண்டாவதா வந்தது அந்திரேயா யன்னோனே. அவர் ஸ்பானியரில்லை, இத்தாலியன். அவரை ஒருத்தரும் துரோகி எண்டு சொல்லேல்லை.

மற்றப் பக்கத்தையும் சொல்லோணும். வலென்சியாவில மார்க்கேஸ் கடைசிவரைக்கும் லொரென்சோவின்ர வாலைப் பிடிச்சுக்கொண்டு போனவர், ஒருக்காலும் உருப்படியா முந்தப் பாக்கேல்லை. எனக்கு அது இண்டைக்கும் நெஞ்சில குத்துது. செப்பாங்கிலயும் ரொஸ்ஸியைச் சீண்டிச் சீண்டித்தான் ஓடினவர். எல்லாம் சரி. ஆனால் சீண்டுறதுக்கு ஓட்டத்தில மறுமொழி, முந்திப் போறது. ஆளை வெளியில கொண்டுபோய் விடுறதில்லை. மிசானோவில அந்த ஒரு புள்ளி வராமல் இருந்திருந்தால் வலென்சியாவில ரொஸ்ஸி கடைசியில நிண்டிருக்கவும் தேவையில்லை. அந்தப் புள்ளியை மார்க்கேஸ் குடுக்கேல்லை.

இது எனக்கு இப்பதான் தெரிய வந்ததெண்டில்லை. அப்பவும் தெரியும். பாக்க விரும்பேல்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு சோதினை சொல்லுறன். நீங்களும் செய்து பாக்கலாம். ஸ்பெயினில ஹெரெஸ் எண்ட ஓடுபாதை. அதின்ர கடைசி வளைவு.

2005, கடைசிச் சுற்று, அந்தக் கடைசி வளைவு. செற்றே ஜிபெர்னாவ் முன்னால. ரொஸ்ஸி உள்ளுக்கால பாய்ஞ்சார், முட்டுப்பட்டுது, ஜிபெர்னாவ் சரளைக்குள்ள போனார். ரொஸ்ஸி வெண்டார், ஜிபெர்னாவ் திரும்ப வந்து ரெண்டாவது. தண்டனை இல்லை. அதுக்குப் பிறகு ஜிபெர்னாவ் ஒரு ஓட்டமும் வெல்லேல்லை.

2013, அதே ஹெரெஸ், அதே கடைசிச் சுற்று, அதே கடைசி வளைவு. லொரென்சோ முன்னால. மார்க்கேஸ் உள்ளுக்கால பாய்ஞ்சார், முட்டுப்பட்டுது, லொரென்சோ அகலப் போனார். மார்க்கேஸ் ரெண்டாவது, லொரென்சோ மூண்டாவது. தண்டனை இல்லை.

எங்கட கடையில முதலாவதுக்குப் பேர் "பாடம்". ரெண்டாவதுக்குப் பேர் "கொலை முயற்சி". ரெண்டையும் சொன்னது ஒரே வாய்தான். என்ர வாயும் அதுக்குள்ள அடக்கம். 2005இல நான் யாழ்ப்பாணத்தில, அந்த ஓட்டத்தைப் பாக்கவேயில்லை. பிறகு யூரியூப்பில பாத்துக் கை தட்டினனான். 2013இல ரீவிக்கு முன்னால நிண்டு தூசணத்தால பேசினனான்.

போன மாசம் மகனை இருத்தி ரெண்டு வீடியோவையும் பக்கத்தில பக்கத்தில போட்டுக் காட்டினன். பாத்துப்போட்டுச் சொன்னான்: "ரெண்டும் ஒண்டுதானே அப்பா." பிறகு கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்: "அப்ப நீங்கள் ஏன் ஒண்டுக்கு மட்டும் ஏசினனீங்கள்?"

பதில் சொல்லத் தெரியாமல் குசினிக்குள்ள போட்டன்.

சில ஆக்கள் சொல்லுவினம், "இது விளையாட்டு, ரசிகன் எண்டால் அப்பிடித்தான், பக்கம் எடுக்காட்டி என்ன சுவை?" பக்கம் எடுங்கோ. நானும் எடுக்கிறன். சாகும்வரைக்கும் எனக்கு ரொஸ்ஸிதான். ஆனால் மோட்டார்சைக்கிள் ஓட்டத்தில பக்கம் எடுக்கிறதுக்கும் உதைபந்தாட்டத்தில பக்கம் எடுக்கிறதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. பாதியில விட்ட படிப்பில மிஞ்சின பௌதிகத்தில சொல்லுறன். வேகம் அஞ்சு மடங்கு கூடினால் இயக்கசக்தி இருபத்தைஞ்சு மடங்கு கூடும். எங்கட ஊர் ரோட்டில 60இல விழுந்தவையை உங்களுக்குத் தெரியும். இவை நேர்ப்பாதையில 300ஐத் தாண்டி, சில இடங்களில 350ஐயும் தாண்டி ஓடுகினம். மோட்டார்சைக்கிள் மட்டும் 157 கிலோவுக்குக் குறையேலாது. கார் ஓட்டுறவனைச் சுத்தி ஒரு கூடு இருக்கு. இவைக்கு ஒரு தோல் உடுப்பு, ஒரு ஹெல்மெற், 2018இல இருந்து உடுப்புக்குள்ள கட்டாயம் ஒரு காற்றுப்பை. அவ்வளவுதான். விழுகிறதைவிடப் பெரிய ஆபத்து, விழுந்து கிடக்கேக்கை பின்னால வாறவன்.

எங்கட மிசானோவில 2010 செப்ரெம்பர் 5, மோட்டோ 2 ஓட்டம். ஷோயா தொமிசாவா எண்ட ஜப்பான் பெடியன் விழுந்தான். பின்னால வந்த ரெண்டு பேருக்கு விலத்த நேரமில்லை. செத்துப்போனான். 19 வயசு. 2021இல முஜெல்லோவில ஜேசன் துபாஸ்கியே, சுவிஸ் பெடியன், அவனும் 19. அதே மாதிரித்தான்.

2011 ஒக்ரோபர் 23. செப்பாங். பத்து வருசக் கடன் எண்டு சொல்லுற அதே செப்பாங்தான், நாலு வருசம் முந்தி. மார்கோ சிமொன்செல்லி விழுந்தார். கொலின் எட்வேட்சின்ர மோட்டார்சைக்கிளும் இன்னொரு மோட்டார்சைக்கிளும் அவரை அடிச்சுது. அந்த இன்னொரு மோட்டார்சைக்கிளில இருந்தது வலண்டினோ ரொஸ்ஸி. சிமொன்செல்லி அவருக்குக் கூட்டாளி, பக்கத்து ஊர்ப் பெடியன். 24 வயசு. ரொஸ்ஸியில ஒரு பிழையும் இல்லை. விலத்த ஏலாது. இப்ப மிசானோ ஓடுபாதைக்குச் சிமொன்செல்லியின்ர பேர்தான் வச்சிருக்கினம்.

அந்தப் பேர் போட்ட வாசலால உள்ளுக்குப் போய் இருக்கிற சனம்தான், 2025 செப்ரெம்பர் 13, சனிக்கிழமை, குறுகிய ஓட்டத்தில முன்னால போய்க்கொண்டிருந்த மார்க்கேஸ் விழுந்த உடனை ஆர்ப்பரிச்சது. அவர் ஓடினது டுகாட்டி. இத்தாலி மோட்டார்சைக்கிள், பொலோஞ்ஞாவில செய்தது. தங்கட மோட்டார்சைக்கிள் சரளைக்குள்ள உருளுறதைப் பாத்து அந்த நாட்டுச் சனம் கை தட்டுது எண்டால் வெறுப்பு எவ்வளவு தூரம் போட்டுது எண்டு பாருங்கோ. எங்கட கடையில மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து இருந்த மஞ்சள் சேட்டுக்காரர் மேசையில அடிச்சுச் சிரிச்சினம். நான் குசினி வாசலில துவாயோட நிண்டனான். நானும் சிரிச்சனான். அடுத்தநாள் மார்க்கேஸ் அதே மிசானோவில வெண்டார். நாங்கள் சத்தமில்லாமல் கோப்பை கழுவினம்.

மூண்டு கிழமை கழிச்சு என்ர மகன் வீட்டில கை தட்டினான். சங்கிலி விளங்குதா?

இனி, "மார்க்கேஸ் என்ன சுத்தமான ஆளோ?" எண்டு கேப்பியள். இல்லை. ஒருக்காலும் இல்லை. 2018 ஆர்ஜென்ரீனா ஓட்டத்தில அவர் ஓடினது ஓட்டமில்லை. அலெய்ஷ் எஸ்பார்காரோவை இடிச்சார், பிறகு ரொஸ்ஸியை இடிச்சு விழுத்தினார். 30 செக்கன் தண்டம் விழுந்து அஞ்சாம் இடத்தில இருந்து பதினெட்டாம் இடத்துக்குப் போனார். மன்னிப்புக் கேக்க ரொஸ்ஸியின்ர கராஜ் வாசலுக்குப் போனார், உள்ளுக்கு விடேல்லை. 2023இல போர்த்துக்கலில மிகேல் ஒலிவேராவை அவரின்ர சொந்த நாட்டுச் சனத்துக்கு முன்னால இடிச்சு விழுத்தினார். ரெண்டு லோங் லாப் தண்டம் குடுத்தினம். லோங் லாப் எண்டால் வளைவின்ர வெளிப்பக்கத்தில போட்டிருக்கிற நீளப் பாதையால ஒருக்காச் சுத்திப் போறது, ரெண்டு மூண்டு செக்கன் நட்டம். தண்டத்தை அடுத்த ஓட்டத்தில செய்யோணும் எண்டு எழுதிச்சினம். அவர் காயத்தால அடுத்த ஓட்டத்துக்கு வரேல்லை. பிறகு எழுத்தை மாத்தப் பாத்தினம், ஹொண்டா அப்பீல் போட்டுது, கடைசியில தண்டத்தை அவர் செய்யவேயில்லை. இது அநியாயம்தான். நியாயம் பேசுற நான் இதை மறைச்சால் நானும் அந்த மஞ்சள் சேட்டுக்காரரும் ஒண்டு.

நான் சொல்லுறது இதுதான். ஆர் செய்தது எண்டு கேக்கிறதுக்கு முன்னம் என்ன செய்தது எண்டு கேளுங்கோ. மோதலெல்லாம் ஒரு சாதியில்லை. குறைஞ்சது மூண்டு சாதி இருக்கு.

ஒண்டு, ரெண்டு பேர் ஒரு வளைவுக்கு அடிபடேக்கை முட்டுப்படுறது. 2024இல ஹெரெசில மார்க்கேசும் பிரான்செஸ்கோ பாஞ்ஞாயாவும் அடிபட்டினமே, அது. பாஞ்ஞாயா ரொஸ்ஸியின்ர மாணவன். தோளோட தோள் முட்டிச்சினம், ரெண்டு பேரும் விழேல்லை, மற்றவன் நிமிந்து போறதுக்கு ஒரு அடி இடம் விட்டினம். பாஞ்ஞாயா வெண்டார். முடிய ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சினம். இதுக்குத்தான் கை தட்டோணும். கை வலிக்குமட்டும் தட்டுங்கோ.

ரெண்டு, கவனமில்லாத பிழை. பிரேக் பிந்தினது, வராத இடைவெளிக்குள்ள மூக்கை விட்டது. போர்த்துக்கல் 2023, மண்டலிகா 2025 ரெண்டும் இதுக்குள்ள வரும். இதுக்குத் தண்டம் வேணும், வெறுப்பு வேண்டாம்.

மூண்டு, மனமறிஞ்சு செய்யிறது. 2018 மிசானோவில ரொமானோ ஃபெனாத்தி, மோட்டோ 2 ஓட்டத்தில, 200 கிலோமீற்றருக்கு மேல போய்க்கொண்டிருக்கேக்கை, பக்கத்தில வந்த ஸ்ரெஃபானோ மன்சியின்ர முன் பிரேக்கைக் கையை நீட்டிப் பிடிச்சார். உலகம் முழுக்கப் பாத்தது. கறுப்புக் கொடி, ரெண்டு ஓட்டத்துக்குத் தடை. அவரின்ர குழு வேலையால நிப்பாட்டினது, அடுத்த வருசத்துக்கு எடுத்த குழுவும் கைவிட்டது. இத்தாலியன்தான் செய்தவர், இத்தாலியனுக்குத்தான் செய்தவர். அதாலதானோ என்னவோ, அண்டைக்கு எங்கட குசினியில எல்லாரும் ஒரே நியாயம் பேசினம். பக்கம் எடுக்க வழியில்லாத இடத்தில எங்கள் எல்லாருக்கும் கண் நல்லாத் தெரியுது!

செப்பாங் 2015 இந்த மூண்டில எதுக்குள்ள வரும்? நடுவர்மார் "வேணுமெண்டு அகலப் போனவர்" எண்டு சொல்லிச்சினம். எனக்கு நோகுது. ஆனால் மூண்டாவதுக்குக் கிட்டத்தான் வரும். என்ர வாயால இதைச் சொல்லப் பத்து வருசம் எடுத்தது.

கனபேர் கேக்கினம், "இடி வாங்கினவன் எத்தினை ஓட்டம் இல்லாமல் இருக்கிறானோ இடிச்சவனும் அத்தினை ஓட்டம் வீட்டில இருக்கோணும்." கேக்க நல்லா இருக்கு. ஆனால் யோசியுங்கோ. ஒரே பிழை, ஒருத்தன் தூசியைத் தட்டிக்கொண்டு எழும்புறான், ஒருத்தனுக்கு எலும்பு முறியுது. அது இடிச்சவன்ர கையில இல்லை, சரளைக்கல்லின்ர கையில. காயத்தைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லுறதும் ஆளைப் பாத்துச் சொல்லுறதும் ஒரே பிழைதான். செயலைப் பாத்துச் சொல்லோணும். அதிலயும் நடுவர்மாரில பெரிய குறை இருக்கு. ஹெரெசில ரெண்டு தரம் ஒண்டும் இல்லை, செப்பாங்கில அடுத்த ஓட்டத்துக்குத் தண்டனை, ஆர்ஜென்ரீனாவில 30 செக்கன், போர்த்துக்கலில காத்தில போன தண்டம். அளவுகோல் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறினால் சனம் தங்கட கையால அளக்கத் தொடங்கும். சனத்தின்ர கையில எப்பவும் பழைய கணக்குத்தான் இருக்கும்.

அந்த மண்டலிகா மோதலுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லுறன். ஒரு கிழமைக்கு முன்னம்தான் மார்க்கேஸ் ஜப்பானில மொட்டேகியில பட்டம் எடுத்திருந்தார். 2020இல ஹெரெசில கை முறிஞ்சு, நாலு தரம் வெட்டித் தைச்சு, 2019க்குப் பிறகு முதல் பட்டம். அந்தச் சந்தோசம் ஒரு கிழமைதான். தோள் உடைஞ்சு மிச்ச ஓட்டமெல்லாம் வீட்டில. பெட்செக்கி ரொஸ்ஸியின்ர மாணவன். மார்க்கேசுக்குப் பழி சொல்லக் காரணம் வேணுமெண்டால் கைக்குள்ளயே கிடந்தது. அவர் அதை எடுக்கேல்லை. பெட்செக்கி மன்னிப்புக் கேட்டார், மார்க்கேஸ் ஏற்றுக்கொண்டார், வேணுமெண்டு செய்யேல்லை எண்டும் சொன்னார்.

இடிச்சவனும் இடி வாங்கினவனும் அதோட முடிச்சுப்போட்டினம். கதிரையில இருந்து பாத்த நாங்கள்தான் "கடன் தீந்துது" எண்டு எழுதிக்கொண்டிருக்கிறம். ஆரின்ர கடன்? ஆர் எங்களிட்டை வட்டிக்கு வாங்கினது?

தம்பி, மூண்டு சிரிப்பு மூஞ்சி அனுப்பின தம்பி, உனக்குத்தான் இது. நீ கோவிக்காதை. உனக்கும் எனக்கும் இந்தக் கணக்கு இத்தாலியன் பழக்கினதில்லை. நாங்கள் வரேக்கையே கொண்டு வந்தது. ஊரில ஒரு சம்பவம் நடந்தால் எங்கட முதல் கேள்வி என்னவா இருந்தது? "ஆர் செய்தது?" அந்தப் பதிலைக் கேட்டுப்போட்டுத்தான் அது சரியோ பிழையோ எண்டு முடிவெடுப்பம். எங்கட பக்கம் செய்தால் அதுக்கொரு காரணம் இருக்கும். மற்றப் பக்கம் செய்தால் அது அநியாயம். விழுந்து கிடந்தவன் ஆரெண்டு தெரியுமட்டும் எங்கட வாயில "ஐயோ" வராது. சில ஆக்களுக்குப் பேர் தெரிஞ்சாப் பிறகும் வரேல்லை. அந்தக் காலத்தில அதைத் திருத்த உனக்கும் எனக்கும் வயசும் இல்லை, துணிவும் இல்லை. ஆனால் இஞ்ச, ஒரு மோட்டார்சைக்கிள் ஓட்டத்தைப் பாக்கிறதில கூட அதையே செய்தால், நாங்கள் என்னத்தை விட்டுப்போட்டு வந்தம்? வீட்டையும் வளவையும் விட்டுப்போட்டு இதை மட்டும் பத்திரமாக் காவிக்கொண்டு வந்திருக்கிறம்.

ரெண்டு கிழமை கழிச்சு அவுஸ்திரேலியா ஓட்டம், ஒக்ரோபர் 19. எங்கட நேரம் விடியக்காலமை. வேலை முடிஞ்சு வந்து பின்னேரம்தான் மகனோட இருந்து திருப்பிப் பாத்தன். பெட்செக்கிக்கு மண்டலிகாவுக்காக ரெண்டு லோங் லாப். ரெண்டையும் செய்துபோட்டு மூண்டாவதா வந்தார். மேடையில நிண்டார். மார்க்கேஸ் ஸ்பெயினில, வெட்டித் தைச்ச தோளோட வீட்டில.

மகன் கை தட்டேல்லை. பெட்செக்கி அவனுக்கு விருப்பமான ஆள், சுவரில படமும் இருக்கு. கனநேரம் பாத்துக்கொண்டிருந்துபோட்டுக் கேட்டான்:

"அப்பா, ரெண்டு சுத்து அகலப் போனால் காணுமா? அந்தாள் வருசம் முழுக்க வீட்டில எல்லோ?"

"மிச்சம் மூண்டு ஓட்டம்தான் தம்பி" எண்டு சொல்ல வெளிக்கிட்டன். சொல்லேல்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தன். காணுமோ காணாதோ எண்டு அண்டு இரவு பதினொரு மணிமட்டும் கதைச்சம். முடிவுக்கு வரேல்லை. அவன் காணாது எண்டுறான், நான் காணும் எண்டுறன்.

ஆனால் அவன் கேட்டது செயலைப் பற்றி. ஆளைப் பற்றியில்லை.

நாளைக்குக் காலமை வேலை. மிச்சம் பிறகு எழுதுறன்.